பதினெட்டாவது வாளி

சுரங்கம் தோண்டும் எந்திரத்தின் பொம்மை மாதிரி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். அதன் சக்கரத்தில் பதினேழு வாளிகளை ஒட்டி முடித்துவிட்டுப் பார்த்தால் பதினெட்டாவதைக் காணவில்லை.

கைபேசி விளக்கை அடித்துக்கொண்டு அரை மணி நேரம் மேசைக்கு அடியில் தவழ்ந்தேன். கடைசியில் அது என் சட்டைக் கைமடிப்பிலேயே இருந்தது!

கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஜெர்மனியில் 1978-ல் க்ரூப் நிறுவனம் கட்டிய பேகர் 288 என்ற நிஜ எந்திரத்தில் இதே வாளி 6.6 கன மீட்டர் மண்ணை அள்ளும். அந்தச் சக்கரத்தின் விட்டமே 21 மீட்டருக்கு மேல். 1:87-ல், அதாவது நிஜ அளவில் 87-ல் ஒரு பங்காக, கணக்குப் போட்டால் கால் மீட்டர், பக்கத்தில் நிற்கும் என் ரயில் இன்ஜினைவிடப் பெரிது. மொத்த நீளம் இரண்டரை மீட்டர் வரும், அதனால் என்னுடையதில் பின்பக்கத்தைச் சுருக்கிவிட்டார்கள். விலையை மட்டும் சுருக்கவில்லை. (வீட்டில் சொன்ன விலை வேறு.)

ரயில் பொம்மைக்கு எதற்கு இவ்வளவு பெரிய எந்திரம் என்று கேட்கிறார்கள். இது நிலக்கரியைத் தோண்டித் தராவிட்டால் என் சரக்கு ரயில் எதை ஏற்றிக்கொண்டு சுற்றும்?

2001-ல் நிஜ எந்திரத்தை ஹம்பாக் சுரங்கத்திலிருந்து கார்ட்ஸ்வைலருக்கு 22 கிலோமீட்டர், நெடுஞ்சாலை, ரயில் பாதை, ஆறு எல்லாம் தாண்டி, ஏறக்குறைய மூன்று வாரம் நகர்த்திக் கொண்டுபோனார்கள்.

நான் இதை மேசையிலிருந்து அலமாரிக்கு மாற்ற வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.