வண்டியை எங்கே நிறுத்துவது?

லாரி டிரைவர் என்று தெரிந்தால் எல்லோரும் விபத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பயமாக இருக்காதா, தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள் என்பார்கள். ஓட்டும்போது எனக்குப் பெரிதாகப் பயம் வருவதில்லை. பிரேக்கும் ஸ்டியரிங்கும் என்னிடம் இருக்கின்றன, சாலையும் பழகிய சாலை. பயம் வருவது ராத்திரி பதினொரு மணிக்கு மேல், கண் எரிய ஆரம்பித்து, வண்டியை எங்கே போடலாம் என்று இடம் தேடும் நேரத்தில். வேறு வேலைக்குப் போய்விடலாமா என்று இப்போது நான் யோசிப்பதற்குக் காரணம் அந்த நேரம்தான்.

எனக்கு ராசிபுரம் பக்கம். நாமக்கல் மாவட்டத்தில் பிறந்தவனுக்கு லாரி புதிதில்லை. பாடி கட்டும் பட்டறை, டயர் கடை, புக்கிங் ஆபீஸ் என்று ஊரே அந்தத் தொழிலைச் சுற்றித்தான் இருக்கிறது. நான் ஓடுவது இந்தூர் லைன். போகும்போது சேலத்து ஜவ்வரிசி, திரும்பும்போது கோழித் தீவனத்துக்குச் சோயாப் புண்ணாக்கு. வடக்கே விரத நாட்களில் ஜவ்வரிசிக் கிச்சடிதான் சாப்பாடு என்பதால் நவராத்திரி நெருங்கும்போது லோடு குவியும். பெங்களூரு, அனந்தபூர், கர்நூல், ஹைதராபாத், அடிலாபாத், நாக்பூர் வரை 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அதற்கப்புறம் பேதுல், ஹர்தா வழியாக இந்தூர். எல்லாம் சேர்த்து ஆயிரத்து எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் வரும்.

இதில் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். சரக்கோடு எடுத்துப் போகும் ஜிஎஸ்டி சீட்டான ஈ-வே பில்லில் 2021 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கெடு தருகிறார்கள். அந்தக் கணக்குப்படி எனக்கு எட்டு, ஒன்பது நாள் கிடைக்கும். பகலில் ஓட்டி, இருட்டுவதற்குள் நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தி, குளித்துச் சாப்பிட்டுத் தூங்கலாம். சரக்குக்காரரான பார்ட்டி கேட்பதோ நாலு நாள். அதனால் ராத்திரி முழுக்க ஓடுகிறோம், முடியாத கட்டத்தில் கிடைத்த இடத்தில் நிறுத்துகிறோம். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் அப்போது நாங்கள் இருப்பதில்லை.

லாரியில் திருட லோடுதான் இருக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். டீசல், பேட்டரி, ஸ்டெப்னி, தார்ப்பாய், கயிறு, ஜாக்கி, டிரைவரின் போன், சட்டைப் பையில் இருக்கும் படிக்காசு என்று எதையும் விடமாட்டார்கள். டேங்க் நிரம்பியிருந்தால் மட்டும் கிட்டத்தட்ட முப்பதாயிரம் ரூபாய் ஒரு சின்னப் பூட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கேன்கள், ஒரு ஹோஸ், ஒரு பம்பு இருந்தால் போதும், சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். உள்ளே படுத்திருப்பவனுக்குக் கேட்பது மூடியை நெம்பும் ஒரு சின்னச் சத்தம்தான். இத்தனை வருடத்தில் அந்தச் சத்தத்துக்காகவே என் காது விழித்திருக்கிறது. வீட்டில் படுத்திருக்கும்போது சமையல்கட்டில் டப்பா மூடியைத் திறந்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

ஒரு மார்கழி ராத்திரி, பேதுல் தாண்டி, மூடிக் கிடந்த ஒரு டாபா முன்னால் நிறுத்தியிருந்தோம். என்னோடு வயதில் மூத்த ஒரு அண்ணன் செகண்ட் டிரைவராக இருந்தார். மூடி நெம்பும் சத்தம் கேட்டுத் திரையை விலக்கிப் பார்த்தேன். டேங்க் பக்கம் இரண்டு பேர் இருந்தார்கள். மூன்றாவது ஆள் என் கதவுக்கு நேரே கையில் கருங்கல்லோடு நின்றான். அவன் முகத்தைப் பார்த்தேன், அவனும் என்னைப் பார்த்தான். நான் டயர் கழற்றும் லிவர் கம்பியைத் தேடிக் கையை நீட்டியபோது அண்ணன் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"எறங்காத கண்ணு. போறது டீசல்தான்."

அவர் ஏர் ஹாரனை அழுத்திவிட்டுக் கையை எடுக்கவேயில்லை. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் நின்ற ஒரு பஞ்சாப் வண்டியும் ஹாரன் அடித்தது, அப்புறம் இன்னொன்று. வந்தவர்கள் ஓடவில்லை. நிரம்பிய கேன்களைத் தூக்கிக்கொண்டு நடந்தேதான் போனார்கள். பயப்பட வேண்டியது நாங்கள்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

போலீசுக்குப் போகவில்லையா என்று கேட்கலாம். புகார் எழுதி எஃப்ஐஆர் போடும்வரை வண்டி அங்கேயே நிற்கும். லோடு தாமதமானால் வாடகையில் பிடிப்பார்கள். திரும்ப விசாரணைக்குக் கூப்பிட்டால் இங்கிருந்து யார் போவது? அதனால் பெரும்பாலான டிரைவர்கள் இதைப் பதிவு செய்வதே இல்லை. பதிவாகாத திருட்டு அரசாங்கத்தின் கணக்கில் நடக்காத திருட்டு. அந்த ராத்திரி போன டீசல் எங்கள் இருவரின் படியில் கழிந்தது. நான் மனசார எதிர்ப்பது இந்த வழக்கத்தைத்தான். தூங்கும்போது போனதற்கும் டிரைவர்தான் பொறுப்பு என்றால் அவன் தூங்குவதும் வேலைதானே? அதற்கு யார் சம்பளம் தருகிறார்கள்? நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். எங்கள் லைனில் அதை நடைமுறையில் நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு அண்ணன் கூட இருந்தார். இப்போது நான் தனியாகத்தான் போகிறேன். முன்பு மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2018-இல் அதை எடுத்துவிட்டார்கள். கிளீனர் வேலைக்கு வரும் பையன்கள் அதற்கு முன்பே குறைந்துவிட்டார்கள். இன்னொரு ஆளுக்கான செலவு ஓனருக்கு மிச்சம், சரி. ஆனால் ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் விழித்திருப்பார் என்ற ஒரே பாதுகாப்பும் அதோடு போய்விட்டது. வண்டியில் ஜிபிஎஸ் இருக்கிறதே என்கிறார்கள். ஜிபிஎஸ் வண்டி எங்கே நிற்கிறது என்று ஓனருக்குச் சொல்லும். கதவுப் பக்கம் கல்லோடு நிற்பவனைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இதெல்லாம் வடக்கே நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2020 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மும்பைக்குச் செல்போன் ஏற்றிப் போன கண்டெய்னரை நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சூளகிரி பக்கம் ராத்திரியில் மறித்தார்கள். இரண்டு டிரைவர்களையும் அடித்துக் கட்டிப் போட்டுவிட்டு வண்டியையே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸ் மத்தியப் பிரதேசம் வரை போய் ஆட்களைப் பிடித்தது. செய்திகளில் செல்போன்களின் மதிப்பு எத்தனை கோடி என்றுதான் பெரிதாக வந்தது. அந்த இரண்டு பேரும் மறுபடி ராத்திரி வண்டி எடுத்தார்களா, எடுத்தால் எங்கே நிறுத்தித் தூங்குகிறார்கள் என்று நான் பல முறை நினைத்திருக்கிறேன்.

எங்களுக்குள் நிறுத்துவதற்கு என்று சில முறைகள் உண்டு. தனி வண்டியாக நிற்கக் கூடாது, நாலு வண்டி நிற்கும் இடத்தில் ஐந்தாவதாகப் போய்ச் சேர வேண்டும். டேங்க் இருக்கும் பக்கத்தைச் சுவரை ஒட்டியோ அடுத்த வண்டியை ஒட்டியோ கொடுக்க வேண்டும். வண்டியின் முகம் சாலையைப் பார்த்து இருக்க வேண்டும், ரிவர்ஸ் எடுக்காமல் கிளம்ப முடிகிற மாதிரி. காசை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. திருடனுக்குக் கொடுப்பதற்கென்றே ஒரு ஐந்நூறு ரூபாயும் பழைய போனும் டேஷ்போர்டில் கிடக்கும். ஓடும்போது வண்டியை நிறுத்த வைப்பதற்காகத் திருடர்கள் கண்ணாடியில் முட்டை எறிந்தால் வைப்பர் போடக் கூடாது, தண்ணீரும் அடிக்கக் கூடாது. அப்படியே பரவிச் சாலை மறைந்துவிடும் என்பார்கள். தெரிகிற சந்து வழியாகப் பார்த்துக்கொண்டு வெளிச்சமான இடம் வரை போய்விட வேண்டும். யாராவது டயரைக் காட்டிக் கையசைத்தாலும் அப்படித்தான், பங்க் வரும்வரை நிற்கக் கூடாது.

வெயில் காலத்தில் இன்னொரு சிக்கல். நாக்பூர் பக்கம் சித்திரை மாதத்தில் ராத்திரியிலும் கேபினுக்குள் என்ஜின் சூடு தணியாது. ஜன்னலை மூடினால் வெந்துபோவோம், நாலு விரல் திறந்தால் அந்த நாலு விரல் சந்தில் கம்பியை விட்டு போனை எடுத்துவிடுவார்கள். 2025 முதல் புதிதாக வரும் பெரிய லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாகியிருக்கிறது. நல்ல காரியம், நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் ராத்திரி முழுக்க ஏசி ஓட என்ஜின் ஓட வேண்டும், அந்த டீசல் யார் கணக்கில் என்பதையும் பேசி முடித்தால்தான் அது தூக்கத்துக்கு உதவும். பெட்ரோல் பங்குகளில் எண்ணெய் நிறுவனங்கள் நடத்தும் அப்னா கர் விடுதிகள் இருக்கின்றன. கட்டில், குளியலறை, சமைக்க இடம் எல்லாம் உண்டு. நான் தங்கியபோது நன்றாகவே தூங்கினேன். கண் சொருகும் நேரத்தில் அது பக்கத்தில் இருக்க வேண்டுமே, அதுதான் பிரச்சினை. நெடுஞ்சாலை ஓரம் லாரிகளுக்கென்று ஒதுக்கிய லே-பைகள் பலவற்றில் விளக்கே எரிவதில்லை.

ராத்திரி வீட்டில் இருந்து போன் வந்தால் முதல் கேள்வி, "ஏனுங்க, எங்க நிறுத்தியிருக்கீங்க?" சாப்பிட்டீர்களா என்பது அதற்கப்புறம்தான். பங்க்கில் என்று சொன்னால் குரல் மாறிவிடும், ரோட்டோரம் என்றால் அன்றைக்கு அவளும் தூங்கமாட்டாள். பங்க்கில் நிறுத்தாமலே பங்க் என்று சொல்லும் டிரைவர்கள் நிறையப் பேர் எனக்குத் தெரியும்.

சரி, வேறு என்ன வேலை இருக்கிறது? 2025-இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 3,274 டிரைவர்-கண்டக்டர் இடங்களுக்கு ஆள் எடுத்தபோது நண்பர்கள் பலர் விண்ணப்பித்தார்கள். எனக்கு வயது நாற்பத்தெட்டு, அந்தக் கதவு மூடிவிட்டது. நாமக்கல்லில் கேஸ் டேங்கர் ஓனர்கள் அதிகம். அபாயகரமான சரக்குக்கான 3 நாள் பயிற்சி எடுத்து லைசென்ஸில் பதிந்துகொண்டால் மங்களூரு, கொச்சி லைன் ஓட்டலாம், லோடுக்காக யாரும் மறிக்கமாட்டார்கள். ஆனால் 2025 ஜனவரியில் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் டேங்கர் கவிழ்ந்ததை டிவியில் பார்த்ததிலிருந்து வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை. சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வாங்கி உள்ளூரில் முட்டை ஏற்றலாம். கடன் வாங்கத் தைரியம் இல்லை.

கடைசியில் மனம் நிற்பது கல்லூரிப் பேருந்தில். திருச்செங்கோடு பக்கம் கல்லூரிகளுக்குக் குறைவில்லை, என் மாதிரி லைன் ஓட்டிய டிரைவர்களை விரும்பி எடுக்கிறார்கள். காலையில் ஒரு டிரிப், மாலையில் ஒரு டிரிப், ராத்திரி வீட்டில் தூக்கம். சம்பளம் இப்போது கையில் நிற்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள், ஓனரிடம் வாங்கிய அட்வான்ஸ் இன்னும் அடையவில்லை, அதை அடைக்காமல் வண்டியை விட்டு இறங்க முடியாது. இதையெல்லாம் சொன்னபோது என் மனைவி சொன்னாள்: "காசு கொறஞ்சாப் பரவால்லீங்க. எங்க நிறுத்தியிருக்கீங்கன்னு கேக்காம ஒரு நாள் தூங்கணும்."

எனக்கு இந்த வேலை பிடிக்கும். இருபத்தைந்து டன்னை ஏற்றிக்கொண்டு ஒரு மலையைக் குலுங்காமல் இறக்குவது கைப்பழக்கமும் பொறுமையும் சேர்ந்த வேலை, அதை நன்றாகச் செய்கிறேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஓனரிடமும் நேராகப் பேசினேன். இரண்டாவது டிரைவர் வேண்டும், திருட்டுப் போனால் படியில் பிடிக்கக் கூடாது, ராத்திரி ஆறு மணி நேரம் வெளிச்சமான இடத்தில் நிறுத்துவதைப் பார்ட்டியிடம் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று கேட்டேன். இரண்டாவதை ஒத்துக்கொண்டார். முதலாவதற்கு வாடகை கட்டாது என்று கணக்கைக் காட்டினார், அந்தக் கணக்கில் பொய்யில்லை. மூன்றாவதற்குப் பதில் வரவில்லை. அட்வான்ஸ் சித்திரையோடு அடையும். கல்லூரியில் வைகாசியில் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், போய்விடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

இதற்கு நடுவில் அக்கா மகன், "மாமா, ஹெவி எடுக்கட்டுமா?" என்று வந்து நின்றான். வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எடு என்றேன். ஆனால் வண்டிச் சாவியை வாங்குவதற்கு முன்னால் ஓனரிடம் நான் கேட்ட அந்த மூன்றையும் கேள், பதிலை வாங்கிக்கொண்டு வண்டி ஏறு என்றேன். லைசென்ஸ் எடுத்து இரண்டு இடத்தில் கேட்டுவிட்டு வந்தான். முதல் ஓனர், இதையெல்லாம் எந்த டிரைவரும் கேட்டதில்லை என்று அனுப்பிவிட்டாராம். இரண்டாவது ஆள் உட்காரச் சொல்லிப் பேசியிருக்கிறார்.