கொண்டக்டர் இல்லாத ஊர்

சித்தியின் மகன் அடுத்த மாதம் ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகருக்குப் படிக்கப் போகிறான். நான் விடுமுறைக்கு வன்னியில் உள்ள எங்கள் மல்லாவிக்கு வந்த நாளில் இருந்து என்னை விடுகிறான் இல்லை. படிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது, எல்லாம் "அக்கா, அங்கே எப்படிப் போய் வருவது?" என்பதுதான். நல்ல கேள்வி. மாங்குளம் சந்தியில் நின்று, ஏ9 வீதியில் வருகிற பஸ்ஸுக்குக் கைகாட்டி ஏறிப் பழகிய பிள்ளை. இங்கே கொண்டக்டருக்கு நம் வீட்டு ஒழுங்கை தெரியும். அரிசி மூட்டையையும் அவரே இறக்கிவிடுவார்.

டோர்ட்முண்டில் கொண்டக்டரே இல்லை. சுரங்க ரயிலுக்கு இறங்கும் இடத்தில் மறிக்கிற கதவும் இல்லை. ரயில் வந்து நின்றாலும் கதவு தானாகத் திறக்கும் என்று பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, பொத்தானை அழுத்த வேண்டும். டிக்கெட்டை யாரும் கேட்கவில்லையே என்று தம்பி மகிழ்ந்துவிடுவான் என்பதுதான் என் பயம். சாதாரண உடுப்பில், எதிரே சும்மா உட்கார்ந்திருந்தவர், கதவு மூடியதும் எழுந்து பரிசோதகர் அட்டையை நீட்டுவார். டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ. டிக்கெட் உன் பெயரில் இருந்து, போனில் சார்ஜ் மட்டும் தீர்ந்திருந்தால், ஒரு வாரத்துக்குள் அலுவலகத்தில் காட்டி 7 யூரோவோடு தப்பலாம்.

மாணவருக்கு டிக்கெட் தலையிடி குறைவு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் பணத்திலேயே அதுவும் சேர்ந்துவிடும். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த நாடு தழுவிய மாத டிக்கெட்டின் விலையில் மாணவருக்கு 60 வீதம்தான். 2024 இல் அது 29.40 யூரோ. விலை பிறகு ஏறிவிட்டது, ஆனாலும் கொடுக்கலாம். நாடு முழுவதும் பஸ், டிராம், பிராந்திய ரயில் எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ போன்ற கடுகதி ரயில்களில் மட்டும் ஏறிவிடக் கூடாது.

தம்பிக்கு நான் காட்ட ஆசைப்படுவது எச்-பான் என்ற தொங்கு ரயில். 1984 இல் ஓடத் தொடங்கியது. சாரதி இல்லாத பெட்டி, பந்தலில் தொங்கும் சுரைக்காய் மாதிரி தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தையும் தெற்கு வளாகத்தையும் இணைக்கிறது. கீழே மரங்கள், சைக்கிள்கள், பிந்தி ஓடுகிற மாணவர்கள். அதே டிக்கெட்தான்.

சித்திக்கு வேறு கவலை, கோவில். 2002 இல் கும்பாபிஷேகம் கண்ட காமாட்சி அம்பாள் கோவில் பக்கத்து ஹம் நகரில் இருக்கிறது. ரயிலில் ஹம், அங்கிருந்து பஸ். தேர்த் திருவிழாவுக்குப் போனால் அரைவாசி வன்னியையும் அங்கே காணலாம். சித்தியின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

சைக்கிள் வாங்கு என்று சொல்லியிருக்கிறேன். லைட் இல்லாமல் ஓடினால் 20 யூரோ, ஓடியபடி போனைக் கையில் பிடித்தால் 55, சிவப்பு விளக்கைக் கடந்தால் குறைந்தது 60.

"சைக்கிளையுமா பொலிஸ் மறிக்கும்?" என்றான்.

"மறிக்கும். அங்கே யாருடைய மாமாவின் பெயரைச் சொன்னாலும் விடமாட்டார்கள்."