பாடகர் மாறினால் குழு மாறிவிடுமா?

சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை மையமாக வைத்துப் பாடும் ஒரு சின்த்பாப் குழுவில் பாடகர் மாறிவிட்டால், அதன் ரசிகர்களில் பலர் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களைப் போலப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில் இந்தப் பேச்சு எழுந்தபோது, நண்பர் ஒருவர் தே தாரிக்கை உறிஞ்சியபடியே, "ஆள மாத்திட்டா அது வேற குரூப்புலா!" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய வானொலி ஆறையும் இன்றைய மின்னல் எஃப்எம்மையும் கேட்டு வளர்ந்த நாம், 'இளையராஜா பாட்டு' என்று முதலில் சொல்லிவிட்டு, பாடியவர் எஸ்.பி.பி.யா யேசுதாஸா என்பதைப் பிறகு கேட்கிறவர்கள். இசையமைப்பாளர் ஒருவரே இருக்க, குரல்கள் வந்து போவது நமக்குப் புதிதல்ல.

அந்தக் காதோடு பிரிட்டிஷ் சின்த்பாப் இசையமைப்பாளர் வின்ஸ் கிளார்க்கைக் கேட்க வேண்டும். 1981-இல் வந்த டெப்பேஷ் மோடின் முதல் ஆல்பத்தில் பெரும்பாலான பாடல்களை எழுதிய அவர், அதே ஆண்டில் குழுவை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு அலிசன் மொயே என்ற கனத்த குரல்காரருடன் யாசூ குழுவைத் தொடங்கி, 'ஒன்லி யூ' பாடலைப் பிரிட்டிஷ் பாடல் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை கொண்டுசென்றார். சின்தசைசரிலிருந்து ஒவ்வொன்றாகச் சொட்டும் சுரங்களின் மேல் அந்தக் குரல் வந்து அமரும் விதம் இன்றும் அலுக்கவில்லை. 1983-இல் யாசூவும் கலைந்தது. அதே ஆண்டு ஃபியர்கல் ஷார்க்கியைப் பாடவைத்து 'தி அசெம்பிளி' என்ற பெயரில் ஒரு சிங்கிளை, அதாவது தனிப்பாடல் இசைத்தட்டை, வெளியிட்டார். அதுவும் நான்காம் இடத்தைப் பிடித்தது.

பிறகு 'மெலடி மேக்கர்' இதழில் விளம்பரம் கொடுத்து ஆண்டி பெல்லைக் கண்டுபிடித்தார். இருவரும் சேர்ந்த இரேஷர் குழுவின் முதல் சிங்கிளான 'ஹூ நீட்ஸ் லவ் லைக் தட்' 1985-இல் வந்து, 55-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. சுரங்களைத் தானாக வாசிக்கும் சீக்குவென்சர் கருவி மூச்சுவிடாமல் ஓட, பெல் அதன் வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பாடுகிறார். ஆனால் பல இடங்களில் மொயேயின் சாயல் எட்டிப் பார்க்கிறது. முன்னவரின் பாணியிலிருந்து விடுபடாத இந்தக் குரலைக் கேட்டுவிட்டு, 'இவர் தேறமாட்டார்' என்று அன்று யாராவது முடிவுகட்டியிருந்தால் குறைசொல்ல முடியாது. அடுத்த ஆண்டே 'சம்டைம்ஸ்' இரண்டாம் இடத்துக்கு ஏறி அந்த முடிவைப் பொய்யாக்கியது.

சுவையான பகுதி அதற்குப் பிறகுதான். அதே முதல் பாடல் 'ஹாம்பர்க் மிக்ஸ்' என்ற ரீமிக்ஸாக 1992-இல் மீண்டும் வந்து பத்தாம் இடம் பிடித்தது. அதற்குள் இரேஷர் பிரபலமாகிவிட்டிருந்தது என்பதால் முழுப் பெருமையையும் ரீமிக்ஸுக்குக் கொடுக்க நான் தயாரில்லை. ஆனால் ஏழாண்டுக்கு முன் பதிவான மெட்டு, புதிய தாளத்தின் மேலும் உறுதியாக நின்றது. அந்த மெட்டு கிளார்க்குடையது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஹியூமன் லீக் என்ற பிரிட்டிஷ் சின்த்பாப் குழு நிற்கிறது. 1980-இல் குழு உடைந்தபோது சின்தசைசரை இயக்கிய இருவர் வெளியேற, பாடகர் ஃபிலிப் ஓக்கி தங்கிவிட்டார். ஷெஃபீல்டு இரவு விடுதி ஒன்றில் கண்ட இரு இளம்பெண்களையும் சேர்த்துக்கொண்டார். அந்தப் புதிய குரல்களோடு 'டேர்' ஆல்பம் வென்ற மறு ஆண்டே, தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷென்ட் ஒலிநாடாவை வெட்டி ஒட்டி 'லவ் அண்ட் டான்சிங்' என்ற ரீமிக்ஸ் ஆல்பத்தைச் செய்தார். அதில் குரல் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. நம் ஊர்க் கலைநிகழ்ச்சிகளில் ஓடும் 'மைனஸ் ஒன்' கேட்கிறோமோ என்றுகூடத் தோன்றும். ஆயினும் பாடல் எது என்று உடனே தெரிந்துவிடுகிறது.

ஆகவே, பாடகர் மாறிய குழுவின் புதிய சிங்கிள் கைக்கு வந்தால் நான் முதலில் ரீமிக்ஸைத்தான் ஓடவிடுவேன். குரலைக் குறைத்த பின்னும் மெட்டு காதில் தங்கினால், பாடகருக்கு இன்னும் இரண்டு சிங்கிள் அவகாசம் தரலாம். தங்காவிட்டால், பழைய பாடகரே திரும்பி வந்தாலும் அந்தப் பாட்டைக் காப்பாற்ற முடியாது. மாமாக் கடை நண்பர் இதை ஏற்கவில்லை. அவருக்கு இன்றுவரை யாசூதான் உசத்தி.