ஆறரை

பள்ளத்தூர் வீட்டில் ஓடு மாற்றிய செலவைப் பங்காளிகளுக்குப் பிரிக்க உட்கார்ந்திருந்தேன். முகப்பில்தான் காற்று வரும், லேப்டாப் அங்கே. தம்பி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலை அனுப்பினான். உங்களுக்கும் வந்திருக்கும்: தமிழ்ப் பின்னங்கள். முந்திரி 320-ல் ஒன்று, கீழ்முந்திரி 1,02,400-ல் ஒன்று, அப்புறம் இம்மி, மும்மி, அணு என்று இறங்கி, கடைசியில் தேர்த்துகள். 2323824530227200000000-ல் ஒன்றாம். எண்ணிப் பார்த்தேன், 22 இலக்கம்.

"பெருமையா இல்லையா அத்தை?"

கணக்கு எழுதிப் பிழைப்பவளுக்குப் பெருமைக்கு முன்னால் சந்தேகம் வந்துவிடும். ஐயா எனக்குச் சொல்லிக்கொடுத்தது முந்திரியோடு சரி. நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி: இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் கூட்டினால் பதினாறில் ஒன்று. பேரே கூட்டல் கணக்கு! அதற்குக் கீழே நான் போனதில்லை.

ஓட்டுக் கணக்கை ஓரம் வைத்துவிட்டு, ஒவ்வொரு வரியையும் மேல்வரியால் வகுத்தேன். கீழ்முந்திரி 320 தடவை 320. பிறகு 21, 11, 7, 9, 5, 6, 7, 17, 14, 20, 40, 60, 100. மீதியே இல்லை. கடைசிப் படி, நுண்மணலிலிருந்து தேர்த்துகளுக்கு: 6.5.

எழுத்துப் பிழை என்றுதான் நினைத்தேன். மறுபடி போட்டேன். சரியாக ஆறரை. இத்தனை முழு எண்ணுக்கு நடுவே ஒரே ஒரு அரை எதற்கு? தேர்த்துகளின் அந்த 22 இலக்க எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தபோதுதான் கண்ணில் பட்டது. 2 இருபத்திரண்டு தடவை, 3 ஐந்து, 5 எட்டு, 7 நாலு, அப்புறம் 11, 13, 17 ஒவ்வொன்று. அந்த 13 வேறெந்தப் படியிலும் இல்லை. ஆறரை என்றால் 13-ல் பாதி, அது வழியாகத்தான் உள்ளே வருகிறது. அந்தப் படி ஆறாகவோ ஏழாகவோ இருந்திருந்தால் வரிசையில் ஓட்டை. இப்போது 17 வரை ஒரு பகா எண்ணும் விடுபடவில்லை. வேண்டுமென்றே செய்தார்களா, தற்செயலா, யார் கண்டது. அந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள், அதாவது வகுத்திகள், மொத்தம் 49,680.

ஒரு கிராம் தங்கத்தை அந்த 22 இலக்க எண் அளவுக்குக் கூறு போட்டால் ஒரு கூறுக்கு ஒன்றே கால் அணுவுக்குச் சற்று மேலே வரும். உடனே "முன்னோர் அணுவை அளந்தார்கள்" என்று ஃபார்வேர்டு போட்டுவிடாதீர்கள். கிராம் வெள்ளைக்காரன் அளவு, அந்தப் பட்டியலில் 'அணு' என்பதும் எங்கோ மேலே நிற்கிறது.

ஆக, ஒன்றிலிருந்து பதினெட்டு பேர் வரை யார் வந்தாலும் இந்த எண்ணை மீதியில்லாமல் பங்கு வைக்கலாம். பத்தொன்பதுக்கு வகுத்தால் 6 மிச்சம்.

எங்கள் வீட்டுக்குப் பங்காளிகள் பத்தொன்பது பேர். ஓட்டுக் கணக்கு இன்னும் முடியவில்லை.