வாட்ச் காட்டும் வேகம்

போன ஞாயிறு கோலாலம்பூரில், டத்தாரான் மெர்டேக்காவில் தொடங்கி அரை மாரத்தான் (21.1 கிலோமீட்டர்) ஓடினேன். 2 மணி 15 நிமிடத்துக்குள் முடிக்க ஆசை, அதாவது கிலோமீட்டருக்கு 6:23. ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில், மேலே மோனோரயில் தடம், இரண்டு பக்கமும் உயரக் கட்டடங்கள், அங்கே நுழைந்ததும் வாட்ச் 5:10 என்றது, கொஞ்ச தூரத்திலேயே 7:40. கால் என்னவோ ஒரே சீராகத்தான் போகிறது. செயற்கைக்கோள் சிக்னல் சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால் வரும் குழப்பம் இது, அதை நம்பி வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் சீக்கிரமே மூச்சு வாங்கும்.

இப்படி ஆகும் என்று தெரிந்ததால், வாட்ச் கிலோமீட்டருக்கு ஒருமுறை தானாக லேப் போடுவதை, அதாவது நேரத்தைப் பிரித்துக் குறிப்பதை, முன்பே அணைத்துவிட்டு, ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் நானே பட்டனை அழுத்தி, அந்த லேப்புக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று மட்டும் பார்த்தேன். தொடுதிரை வேண்டாம், வியர்த்த விரலுக்கு அது மசியாது. வளைவுகளில் வெளிப்பக்கமாக ஓடுவதாலும் வாட்சில் தூரம் கூடிவிடும், எனக்குக் கடைசியில் 21.4 காட்டியது. அதன் சராசரியை நம்பி ஓடுபவர்கள் 6:18 வைத்தால்தான் 2:15 கிடைக்கும்.

15ஆவது கிலோமீட்டருக்கு அப்புறம் புழுக்கத்தில் அதே வேகத்துக்கே இதயத்துடிப்பு 160லிருந்து 172க்கு ஏறியது. சரி என்று ஒரு கிலோமீட்டரை 6:35க்கு விட்டேன், மூச்சு திரும்பியது. முடித்தது 2:14:38!