வெள்ளை ஒளிக்கு செனான் பல்ப்: கெல்வினைத் தேடுவதற்கு முன்

ஹெட்லைட் மங்கிவிட்டது, இன்னும் வெள்ளையாக வேண்டும் என்றதும் பலரும் 6000, 8000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு; எண் கூடக் கூட நீலம் கூடும்) பல்புகளைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். கம்பிக்குப் பதில் மின்வில்லால், அதாவது வாயுவுக்குள் இரு முனைகளுக்கிடையே பாயும் மின்சாரத்தால், ஒளிரும் செனான் பல்பு விஷயத்தில் இங்கேதான் தவறு நேர்கிறது. பழசாகப் பழசாக மஞ்சளாவது இந்தப் பல்பின் குணம் அல்ல. உள்ளே இருக்கும் உலோக உப்புகள் மெல்லக் குறைய, ஒளி நீலம் கலந்த வெண்மைக்கோ, கடைசிக் காலத்தில் இளஞ்சிவப்புக்கோ நகர்கிறது. வெளிச்சமும் கூடவே குறைகிறது. மெதுவாக நடப்பதால் நம் கண் அதற்குப் பழகிவிடும். அதனால்தான் புதிய 4300 கெல்வின் பல்பைப் போட்ட முதல் இரவில் 'இது மஞ்சளாக இருக்கிறதே' என்று தோன்றுகிறது. சாலையில் விழும் வெளிச்சம் உண்மையில் கூடியிருக்கும்.

ஒளி நிஜமாகவே மஞ்சளாகத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது விளக்கின் முன் மூடியை. பாலிகார்பனேட் வெயிலில் மஞ்சளித்து மங்கிப்போயிருந்தால் எந்த பல்பும் உதவாது. அதை மெருகேற்றி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு ஒன்றையும் போட வேண்டும். பூச்சில்லாமல் விட்டால் சில மாதங்களில் மறுபடி மங்கிவிடும். லென்ஸ் வழியாக ஒளியைச் செலுத்தும் புரொஜெக்டர் விளக்கில் உள்ளே இருக்கும் கண்ணாடி லென்ஸிலும் புகைபோல ஒரு படலம் படியும். லென்ஸுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பிவிடும் கிண்ணம் பளபளப்பு இழந்து கருகியிருக்கலாம். கிண்ணம் கருகியிருந்தால் பல்புக்குச் செலவு செய்வது வீண். புரொஜெக்டரையே மாற்ற வேண்டும்.

இனி நிறம். ஹாலஜன் விளக்கு சுமார் 3200 கெல்வின், கார் தயாரிப்பாளர்கள் பொருத்தித் தரும் செனான் 4100 முதல் 4300 வரை, நண்பகல் வெளிச்சம் 5500-ஐ ஒட்டி. கெல்வின் என்பது நிறத்தின் அளவு, வெளிச்சத்தின் அளவு அல்ல. பல்புக்குள் சோடியம், ஸ்கேண்டியம் போன்றவற்றின் அயோடைடு உப்புகள் இருக்கின்றன. கலவையை நீலத்தின் பக்கம் தள்ளும்போது, நம் கண் அதிகம் உணரும் மஞ்சள், பச்சைப் பகுதி குறைகிறது. அதே 35 வாட்டில் லூமென், அதாவது வெளிச்சத்தின் அளவு, இறங்குகிறது. அதனால் என் பரிந்துரை நேரானது: வெண்மை வேண்டுமென்றால் 5000 கெல்வினை ஒட்டி நில்லுங்கள். தூய வெள்ளையாகத் தெரியும், இழப்பும் பொறுக்கக்கூடியது. 6000-இல் லேசான நீலம் எட்டிப்பார்க்கும். 8000-க்கு மேல் அழகு மட்டும்தான், ஈரமான கறுப்புத் தார்ச்சாலையில் குழி தெரியாது. எதிரே வருபவரின் கண்ணையும் நீலம் கூடிய ஒளி அதிகமாக உறுத்தும். இரவில் மழையில் நெடுந்தூரம் ஓட்டுபவர் என்றால் 4300-ஐ விட்டு நகராதீர்கள். (மஞ்சள் ஒளி மூடுபனியை ஊடுருவும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தை விட மிகப் பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கும்.)

வகையை ஊகித்து வாங்கக் கூடாது. பழைய பல்பின் அடிப்பாகத்திலேயே எழுதியிருக்கும். டி1எஸ், டி3எஸ் இரண்டிலும் இக்னைட்டர் (பல்பைப் பற்றவைக்கும் கருவி) பல்போடு சேர்ந்த சிறு உலோகப் பெட்டியாக இருக்கும். டி2எஸ், டி4எஸ் பல்புகளில் அது தனி. டி1, டி2 பாதரசம் உள்ளவை, 85 வோல்ட்டில் எரிபவை. டி3, டி4 பாதரசம் இல்லாதவை, 42 வோல்ட். நான்கும் 35 வாட்தான், ஆனால் மின்னோட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 85 வோல்ட்டில் சுமார் 0.4 ஆம்பியர், 42 வோல்ட்டில் 0.8. பல்புக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பேலஸ்ட் ஏதாவது ஒன்றுக்குத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கும். மாற்றிப் போடாமலிருக்கத்தான் அடித்தட்டின் வெட்டுகளை வேறு வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். அதை அரத்தால் ராவிப் பொருத்துவது பேலஸ்ட்டுக்கு உலை வைக்கும் வேலை. புதிய வண்டிகளில் 25 வாட் டி5எஸ், டி8எஸ் பல்புகளும் உண்டு. அவற்றின் இடத்தில் 35 வாட் பல்பு சேராது.

கடைசி எழுத்தும் முக்கியம். எஸ் என்றால் புரொஜெக்டருக்கு, ஆர் என்றால் ரிஃப்ளெக்டருக்கு, அதாவது லென்ஸ் இல்லாமல் கிண்ணமே ஒளியைச் சாலைக்குத் திருப்பும் விளக்குக்கு. ஆர் வகையின் கண்ணாடியில் ஒளியை மறைக்கும் பட்டைகள் இருப்பதால் 3200-க்குப் பதில் 2800 லூமென்தான். 'எஸ் கூடுதலாக எரியுமே' என்று ரிஃப்ளெக்டரில் போட்டால் வெளிச்சத்தின் மேல் எல்லை கலைந்து எதிரே வருபவரின் கண் கூசும். வாங்கும்போது எண்ணைச் சொல்லிக் கேட்பது எளிது: ஆஸ்ரம் நிறுவனப் பல்புகளில் 66140 டி1எஸ், 66240 டி2எஸ், 66340 டி3எஸ், 66440 டி4எஸ். இவை சாதாரண நிறத்துக்கான அடிப்படை எண்கள். வெள்ளை வகைகளுக்கு இதன் பின்னால் எழுத்துகள் சேரும். இந்தச் சந்தையில் போலிகள் ஏராளம். பெட்டியில் உள்ள சரிபார்ப்புக் குறியீட்டைத் தயாரிப்பாளரின் தளத்தில் கட்டாயம் சோதியுங்கள். மட்டமான பல்பு நிறத்தில் மட்டும் ஏமாற்றாது. வெளிக்குழாய் புற ஊதாக் கதிரைத் தடுக்காவிட்டால் விளக்கின் உட்பக்கமே பாழாகும். மின்வில் இம்மி நகர்ந்திருந்தால் ஒளி கண்டபடி சிதறும்.

எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டு கண்ணும் இரண்டு நிறம். ஜோடியாகவே போட்டாலும் முதல் சில மணி நேரம் நிறம் சற்று வேறுபடலாம். உப்புகள் நிலைகொண்டதும் சரியாகும்.

பொருத்தும்போது அச்சம் இருக்க வேண்டும். பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கு மேல் துடிப்பு வருகிறது. விளக்கை அணைத்து, சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, பல்பு ஆறும்வரை காத்திருங்கள். குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கு உறை. பின்மூடியைத் திறந்து இணைப்பைக் கழற்றுங்கள். டி2, டி4 என்றால் இணைப்பை இடப்பக்கமாகச் சற்றுத் திருப்பினால் வரும். பிறகு பிடிவளையம் அல்லது கம்பி ஸ்பிரிங்கை விடுவித்து நேராக இழுங்கள். புதிய பல்பின் கண்ணாடியைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். வெட்டுகள் பொருந்தி அடித்தட்டு முழுக்கப் படிந்த பிறகே பூட்ட வேண்டும். அரை மில்லிமீட்டர் சாய்வுகூட வெளிச்ச எல்லையை வளைத்துவிடும். பல்பை விளக்குக்கு வெளியே வைத்து எரித்துப் பார்க்கவே கூடாது. பின்மூடியின் ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டால் அடுத்த மழையில் உள்ளே நீராவி படியும், அந்த ஈரம் இக்னைட்டரைக் கொல்லும்.

ஒரு பக்கம் சிமிட்டினாலோ தானாக அணைந்தாலோ இரண்டு பல்புகளையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு பல்போடு போனால் பல்பு. அதே பக்கத்தில் நின்றால் பேலஸ்ட், இக்னைட்டர் அல்லது வயரிங். இந்தச் சோதனையைச் செய்யாமல் பேலஸ்ட் வாங்க வேண்டாம்.

கடைசியாக, சமதளத்தில் சுவருக்கு நேரே வண்டியை நிறுத்தி இரு பக்கத்து வெளிச்ச எல்லையும் ஒரே உயரத்தில், கீழ்நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். தானியங்கி மட்டச் சீரமைப்பு உள்ள வண்டியில் எரியவிட்டதும் ஒளி ஒருமுறை இறங்கி ஏறும். அது அசையாவிட்டால் சஸ்பென்ஷனில் உள்ள சென்சாரின் இணைப்புக் கம்பி உடைந்திருக்கலாம். கழற்றிய டி1, டி2 பல்புகளில் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் புதிய பல்பு வந்த பெட்டியிலேயே போட்டு, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.