பழைய கம்பெனியிலிருந்து வந்த போன்

ரிலீவிங் லெட்டர் வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பழைய கம்பெனியிலிருந்து போன், கணக்குப் பிரிவில் என் இடத்துக்கு வந்த பெண். வேலையை ஒப்படைத்த நான்கு நாள்தான் அவரைப் பார்த்திருக்கிறேன். "சார், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. ஒரு வருஷத்துக்கு மேல தேங்கின சரக்குக்கு எப்பவும் 50 சதவீதம் ப்ரொவிஷன் போட்டிருக்கு, கடைசியா நீங்க போட்டதுல மட்டும் 10 சதவீதம். ஏன்னு ஆடிட்டர் கேக்கறாங்க. ஃபைல்ல ஒண்ணுமே இல்லையே சார்."

ப்ரொவிஷன் என்பது, தேங்கிய சரக்கு விலை போகாது என்று முன்கூட்டியே நஷ்டமாகக் கழித்து வைக்கும் தொகை, அதைக் குறைத்தால் லாபம் கூடித் தெரியும். ஏன் குறைந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஆண்டுக் கணக்கை முடிக்கும் நேரத்தில்தான் வங்கிக் கடனையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. லாபம் குறைந்து தெரியக் கூடாது, மீதியை அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம் என்றார் எம்.டி. இரண்டு நாள் வாயால் மறுத்தேன், மூன்றாம் நாள் எக்ஸெல்லில் அந்த 50-ஐ 10 ஆக்கினேன். சரக்கை வாங்கிய விலை, விற்றால் கைக்கு வரக்கூடிய நிகரத் தொகை, இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும் என்பது, சரக்குக் கணக்குக்கான சர்வதேசத் தரநிலையான ஐஏஎஸ் 2 படித்த எவருக்கும் தெரியும். எனக்கு அதைப் படித்துத் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை, ஸ்டாக் எண்ணிக்கைக்குக் கிடங்குக்குப் போனவன் நான்தான். அந்தப் பெட்டிகளில் அந்த வருஷத்து ஸ்டிக்கரை ஒட்டப் போனால் கீழே போன வருஷத்து ஸ்டிக்கர், அதன் கீழே அதற்கு முந்தைய வருஷத்தது, மூன்றிலும் ஒரே எண்ணிக்கை. ஒரு பெட்டிகூட நகரவில்லை.

போனைக் காதில் வைத்தபடி முதலில் தோன்றியது, "ஞாபகம் இல்லையேம்மா" என்று சொல்லிவிடலாம் என்பதுதான். யாராலும் பொய் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் நான் விட்டுவிட்டு வந்த ஓட்டைக்கு அந்தப் பெண் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், அதுவும் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில். அடுத்து, எல்லாவற்றையும் அப்போதே கொட்டிவிடலாமா என்று தோன்றியது. அதுவும் சரியாகப் படவில்லை. கணக்காளர்களுக்கான சர்வதேச நெறிமுறைத் தரநிலை வாரியத்தின் விதிகளில் ஐந்து அடிப்படைக் கொள்கைகள் உண்டு, அவற்றில் ரகசியம் காப்பதும் ஒன்று, வேலையை விட்ட பிறகும் அந்தக் கடமை தொடர்கிறது. அந்த ஐந்தில் முதலாவது நேர்மை. தவறான கணக்கில் நம் பெயரும் இருப்பது தெரிந்தால் அதிலிருந்து விலகிக்கொள்ள நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதன் கீழே சொல்லியிருக்கிறது. அன்றைக்கு இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாக நினைத்துக் குழம்பினேன். நிதானமாக யோசித்தபோது மோதவில்லை என்று புரிந்தது. அது அந்தக் கம்பெனியின் தகவல், கேட்பதும் அந்தக் கம்பெனி, அவர்களுடையதை அவர்களிடமே சொல்வதில் ரகசியம் எதுவும் உடையவில்லை. முறையான வழியில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆடிட்டரே நேரடியாக என்னைக் கூப்பிட்டிருந்தால், கம்பெனியின் அனுமதி வாங்கி வாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

(சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்தக் கம்பெனியை அடையாளம் காட்டும் எதையும் இங்கே எழுதவில்லை.)

"ஆபீஸ் மெயிலிலிருந்து கேளுங்கம்மா, உங்க ஃபைனான்ஸ் ஹெட்டுக்கும் காப்பி போடுங்க, பதில் எழுதறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவர் பயம் எனக்குப் புரிந்தது. திங்கட்கிழமை மெயில் வந்துவிட்டது, அந்தத் துணிச்சலுக்கு இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

நான்கு வரிப் பதிலுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. முதலில் 'நிர்வாக முடிவின்படி குறைக்கப்பட்டது' என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் அதில் நான் எங்கேயும் இல்லை. அழித்துவிட்டு, எம்.டி. சொன்னதன் பேரில் நான் குறைத்தேன், விற்றுவிடும் என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை, என் மறுப்பை எழுத்தில் பதிவு செய்யவில்லை, ஷீட்டைத் தயாரித்தது நான்தான் என்று எழுதி அனுப்பினேன்.

ராத்திரி எம்.டி. கூப்பிட்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அம்மாவின் ஆபரேஷனுக்கு நான் கேட்காமலே முன்பணம் கொடுத்து, அதைச் சம்பளத்தில் பிடிக்கவும் வேண்டாம் என்று சொன்ன மனிதர் அவர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தக் குரலை மறுப்பது லேசான காரியம் இல்லை. "விற்பனைப் பிரிவு உறுதி கொடுத்ததாலே குறைச்சேன்னு ஒரு நோட் மட்டும் அனுப்புப்பா, தேதி போட வேண்டாம், நாங்க பாத்துக்கறோம்" என்றார். முடியாது சார் என்றேன். அப்புறம்தான், நாளைக்கு எங்கேயாவது உன்னைப் பற்றி எங்களிடம் விசாரிப்பார்கள் இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். நெறிமுறைப் பாடத்தில், அந்தக் கொள்கைகளுக்கு வரும் ஆபத்துகளில் மிரட்டல் என்று ஒரு வகை உண்டு, படிக்கும்போது யாரோ மேஜையைத் தட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். இப்படி அக்கறையான குரலில் வரும் என்று நினைக்கவில்லை. அந்தக் கணக்கை அப்புறம் திருத்தினார்களா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

இதைவிடச் சிக்கலானது ஒன்று சில மாதம் கழித்து வந்தது. நான் இப்போது இருக்கும் இடத்தில் 60 நாள் கடனுக்குச் சரக்கு கேட்டு ஒரு விண்ணப்பம், அனுப்பியது அதே பழைய கம்பெனி. அவர்கள் சப்ளையர்களுக்கு எத்தனை நாளில் பணம் கொடுப்பார்கள் என்று எனக்கு மனப்பாடம், ஐந்து வருஷம் பேமென்ட் லிஸ்ட் போட்டது நான்தான். சொன்னால் அவர்களுக்குத் துரோகம், வாயை மூடிக்கொண்டு நானே ஒப்புதல் கையெழுத்துப் போட்டால் எனக்குச் சம்பளம் கொடுப்பவர்களுக்குத் துரோகம். அங்கே கற்ற தொழில் என்னுடையது, எங்கேயும் கொண்டுபோகலாம். அந்த லிஸ்டில் இருந்த எண்கள் என்னுடையவை இல்லை.

ஃபைலை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன். "நான் அங்கே வேலை பார்த்தவன் சார், இதில் நான் முடிவெடுக்கக் கூடாது. புது வாடிக்கையாளருக்கு வழக்கமாகச் செய்யும் எல்லா விசாரணையையும் வேறு யாராவது செய்யட்டும்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "அப்படின்னா ஏதோ இருக்குன்னு எடுத்துக்கலாமா?"

நான் விலகியதே ஒரு தகவலாகிவிட்டதோ என்று அந்த நொடியில்தான் உறைத்தது. "நேரத்துக்குப் பணம் கொடுக்கிற கம்பெனியா இருந்தாலும் இதையேதான் சார் சொல்லியிருப்பேன்" என்றேன். உண்மைதான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஃபைலின் மேல் இன்னொருவர் பெயரை எழுதி வைத்துக்கொண்டார்.